முதல் நாள் முதல் காட்சி, 28-வது நாள் ஓடிடி: தீவிர ரசிகர் ஏன் ஏமாந்து போகிறார்?

'இந்தியன் 2' 2024 ஜூலை 12-ல் தியேட்டருக்கு வந்தது, ஆகஸ்ட் 9-ல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. 'தக் லைஃப்' 2025 ஜூன் 5-ல் தியேட்டரில், ஜூலை 3-ல் நெட்ஃபிளிக்ஸில். 'கூலி' 2025 ஆகஸ்ட் 14-ல் தியேட்டரில், செப்டம்பர் 11-ல் அமேசான் பிரைமில். மூன்றுக்கும் இடையே சரியாக 28 நாள்தான்.

மூன்று படங்களுக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. மூன்றுமே முதல் நாள் டிக்கெட்டுக்காக ரசிகர்கள் போனைத் தேய்த்துத் தேய்த்து புக் பண்ணிய படங்கள். மூன்றிலும் முதல் காட்சி முடிந்து வெளியே வந்த தீவிர ரசிகர்களில் பலர் சொன்னது, "ஓகே மச்சி, ஒரு தடவை பாக்கலாம்". பொது ரசிகர் வாயிலிருந்து வந்தால் அது சுமாரான பாராட்டு. தீவிர ரசிகர் வாயிலிருந்து வந்தால் அது தோல்வி அறிவிப்பு.

கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்தச் சோர்வு அடிக்கடி கேட்கிறது. படம் மட்டுமல்ல, இரண்டரை வருடம் காத்திருந்து பார்த்த வெப் சீரிஸ், வீட்டில் தினமும் ஓடும் மெகா சீரியல் என எல்லாவற்றிலும் இதே குரல்தான். 'நெகட்டிவ் விமர்சனம்தான் காரணம்' என்கிறது தயாரிப்பாளர் தரப்பு. 'கன்டென்ட் இல்லை' என்கிறது ரசிகர் தரப்பு. உண்மையில் என்ன நடக்கிறது?

யாருக்கு அதிக நஷ்டம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செவ்வாப்பேட்டையில் வீடு, காக்களூர் தொழிற்பேட்டையிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ வேலை என்று இருக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஹீரோ படம் வியாழக்கிழமை ரிலீஸ் என்றால், அவர் செய்ய வேண்டியவை இவை:

- ஷிஃப்ட் மாற்ற வேண்டும். அல்லது லீவு, குறைந்தபட்சம் பெர்மிஷன் போட வேண்டும். தினக்கூலி என்றால் அன்றைய சம்பளம் போச்சு.
- செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறி, இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் திருநின்றவூருக்கோ, இன்னும் தள்ளி ஆவடி, அம்பத்தூருக்கோ, எதிர்த்திசையில் திருவள்ளூருக்கோ போக வேண்டும்.
- டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு உண்டு. ஆனால் ரசிகர் காட்சி டிக்கெட் நண்பர் கை, மன்றத்துக்காரர் கை என்று மாறி வரும்போது அந்த வரம்பு காணாமல் போய்விடும்.
- பேனர் பங்கு, பட்டாசு பங்கு, வண்டி பெட்ரோல், இடைவேளை பாப்கார்ன் எல்லாம் தனி.

இதே படத்தை 28 நாள் பொறுத்திருந்து பார்ப்பவருக்கு என்ன செலவு? ஏற்கெனவே கட்டியிருக்கும் ஓடிடி சந்தா. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால், படத்தின் ஒரு பகுதியை அம்பத்தூர் போவதற்குள்ளேயே பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையென்றால் பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு வேறு படத்துக்குப் போகலாம்.

அதாவது, யார் அதிகம் நம்பி அதிகம் செலவு செய்கிறாரோ அவருக்குத்தான் இந்த அமைப்பில் அதிக ரிஸ்க். பொறுமையாகக் காத்திருப்பவருக்கு ரிஸ்க்கே இல்லை. தீவிர ரசிகரின் கோபத்துக்குப் பின்னால் இருக்கும் முதல் நியாயம் இதுதான்.

முதல் நாள் பார்ப்பது எந்தப் படம்?

இரண்டாவது நியாயம் இன்னும் கொஞ்சம் கசப்பானது. முதல் நாள் ரசிகர் பார்க்கும் படமும், அடுத்த வாரம் மற்றவர்கள் பார்க்கும் படமும் பல நேரங்களில் ஒன்றல்ல.

'இந்தியன் 2' மூன்று மணி நேரப் படமாக வெளியானது. நீளம் என்று பேச்சு வந்ததும், இரண்டு நாளில் 12 நிமிடம் வெட்டப்பட்டது. 2024 நவம்பர் 14-ல் வந்த சூர்யாவின் 'கங்குவா'வில் காது கிழியும் அளவுக்குச் சத்தம் என்று முதல் நாளே புகார் கிளம்பியது. ஆஸ்கர் விருது பெற்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே சமூக வலைதளத்தில் இந்தச் சத்தப் பிரச்சினை பற்றி வருத்தப்பட்டு எழுதினார். தியேட்டர்களில் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் கே.இ.ஞானவேல்ராஜா சொன்னார். பிறகு படத்திலும் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. பெரிய ஹீரோயிசம் இல்லாத 'மெய்யழகன்' (2024 செப்டம்பர் 27) படத்துக்கும் இதே கதை. ரிலீஸுக்குப் பிறகு 18 நிமிடம் குறைத்தார்கள்.

ரிலீஸுக்குப் பின் படத்தைச் செதுக்குவது தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. முன்பு பெட்டியில் வந்த ஃபிலிமை ஆபரேட்டர் ரூமில் வெட்டினார்கள். இப்போது டிஜிட்டல் பிரதி என்பதால் ஓரிரு நாளில் எல்லா ஊருக்கும் புதிய பதிப்பு போய்விடுகிறது. பிரச்சினை அதில் இல்லை. ஹாலிவுட்டில் பெரிய படம் என்றால் ரிலீஸுக்கு மாதக்கணக்கில் முன்பே பொதுமக்களைக் கூட்டிவந்து டெஸ்ட் ஸ்கிரீனிங் போடுவார்கள். எங்கே போர் அடிக்கிறது, எது புரியவில்லை என்று கேட்டு மாற்றுவார்கள். இங்கே கதை வெளியே கசிந்துவிடும் என்ற பயம், முன்கூட்டியே அறிவித்துவிட்ட தேதி இரண்டும் சேர்ந்து அதற்கு இடம் தருவதில்லை. விளைவாக, லீவு போட்டு, கூடுதல் காசு கொடுத்து வந்த முதல் நாள் ரசிகரே அந்த டெஸ்ட் ஆடியன்ஸ் ஆகிவிடுகிறார். அதுவும் தன் காசில்!

படம் முடியும் முன்பே முடிந்துபோகும் வியாபாரம்

தேதியை ஏன் தள்ளிப்போட முடிவதில்லை? இங்கேதான் ஓடிடி கணக்கு வருகிறது.

பெரிய ஹீரோ படம் என்றால் டிஜிட்டல் உரிமை, சேட்டிலைட் உரிமை, ஆடியோ உரிமை, வெளிநாட்டு உரிமை எல்லாம் ரிலீஸுக்கு முன்பே பேசி முடிக்கப்படும். சில சமயம் படப்பிடிப்பு நடக்கும்போதே. அந்த நேரத்தில் வாங்குபவர் கையில் முடிந்த படம் இருக்காது. ஹீரோ யார், இயக்குநர் யார், இசை யார் என்பதை வைத்துத்தான் விலை. ஆக, வியாபாரத்தின் பெரும்பகுதி 'காம்போ'வுக்கு நடக்கிறது. திரைக்கதைக்கு அல்ல.

ஓடிடி நிறுவனம் தன் காலண்டரில் ஒரு இடம் ஒதுக்கியிருக்கும். அதற்கு நான்கு வாரம் முன்பு தியேட்டரில் வந்தாக வேண்டும். தேதி தவறினால் பேசிய தொகை குறையலாம். கிராஃபிக்ஸ் வேலை முடியவில்லை, பின்னணி இசை கடைசி நேரத்தில் வருகிறது என்றாலும் படம் வந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இப்படித்தான் உருவாகிறது.

சில படங்களின் இடைவெளியைப் பாருங்கள்:

- 'தி கோட்': 2024 செப்டம்பர் 5-ல் தியேட்டர், அக்டோபர் 3-ல் ஓடிடி. 28 நாள்.
- 'கங்குவா': 2024 நவம்பர் 14, டிசம்பர் 8. 24 நாள்.
- 'விடாமுயற்சி': 2025 பிப்ரவரி 6, மார்ச் 3. 25 நாள்.
- 'குட் பேட் அக்லி': 2025 ஏப்ரல் 10, மே 8. 28 நாள்.

'தக் லைஃப்' மட்டும் எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடிக்கு வரும் என்று ரிலீஸுக்கு முன்பு சொல்லப்பட்டது. வட இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வார இடைவெளி இல்லாத படங்களின் இந்திப் பதிப்பைத் திரையிடுவதில்லை என்பதால், அது புத்திசாலித்தனமான முடிவாகப் பார்க்கப்பட்டது. ஆனால் தியேட்டரில் படம் எடுபடாமல் போகவே, அதுவும் நான்கே வாரத்தில் போனுக்கு வந்துவிட்டது. தமிழகத் தியேட்டர் உரிமையாளர்கள் எட்டு வாரம் வேண்டும் என்று தொடர்ந்து கேட்டுவருகிறார்கள்.

நான்கு வாரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்றால், வசூல் மொத்தமும் முதல் வாரத்தில் வந்தாக வேண்டும். முதல் வாரத்தை நிரப்ப வேண்டுமென்றால் வாய்மொழிப் பாராட்டுக்குக் காத்திருக்க முடியாது, ஹைப்தான் வழி. கிளிம்ப்ஸ், டீசர், ஃபர்ஸ்ட் சிங்கிள், செகண்ட் சிங்கிள், ஆடியோ லாஞ்ச், ட்ரெய்லர் என்று மாதக்கணக்கில் ஏற்றி ஏற்றி வைப்பது இதற்காகத்தான். 'கங்குவா' 2,000 கோடி வசூலிக்கும் என்று எதிர்பார்ப்பதாக அதன் தயாரிப்பாளர் முன்கூட்டியே பேசினார். அந்த எண்ணைக் கேட்டுவிட்டு தியேட்டருக்குப் போகும் ரசிகர், நல்ல படத்தை மட்டும் எதிர்பார்த்துப் போகவில்லை. சரித்திரத்தை எதிர்பார்த்துப் போகிறார்.

ஏமாற்றம் என்பது ஒரு கழித்தல் கணக்கு

நுகர்வோர் ஆய்வில் பிரபலமான ஒரு கோட்பாடு உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்டு ஆலிவர் 1980-ல் விரிவாக எழுதியது. சுருக்கமாகச் சொன்னால், ஒரு பொருள் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது மட்டும் திருப்தியைத் தீர்மானிப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசமும் அதைத் தீர்மானிக்கிறது. அறுபது மதிப்பெண் படத்தை நாற்பது எதிர்பார்த்துப் பார்த்தால் 'செம'. அதே படத்தை நூறு எதிர்பார்த்துப் பார்த்தால் 'மொக்கை'.

நட்சத்திரம் விஷயத்தில் இதோடு உறவும் சேர்ந்துகொள்கிறது. திரையில் மட்டுமே பார்த்த ஒருவரை நமக்கு நெருக்கமானவராக உணர்வதை 1956-லேயே டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒருதலையான உறவு அது. நம் பக்கம் இருபது வருட நினைவு இருக்கும். அவருக்கு நம் பெயர்கூடத் தெரியாது. தமிழ்நாட்டில் இந்த உறவுக்கு மன்றம், போஸ்டர், பாலாபிஷேகம் என்று ஒரு சமூக வடிவமே உண்டு. அஜித் 2011-ல் தன் மன்றங்களைக் கலைத்த பிறகும், 2024 டிசம்பரில் 'கடவுளே' கோஷத்தை நிறுத்துங்கள் என்று அவரே அறிக்கைவிட வேண்டியிருந்தது.

அதனால் படம் சரியில்லை என்றால் ரசிகருக்கு அது ஒரு மோசமான சாயங்காலத்தோடு முடிவதில்லை. மறுநாள் கம்பெனி பஸ்ஸில், கேன்டீனில், எதிர் ஹீரோ ரசிகர் முன்னால் பதில் சொல்ல வேண்டும். 'உங்க ஆளு படம் என்னாச்சு?' என்ற ஒரு கேள்வி போதும்.

மூன்று படங்கள், மூன்று விதமான ஏமாற்றம்

எல்லா ஏமாற்றமும் ஒரே ரகமல்ல. சமீபத்திய மூன்று உதாரணங்களைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும்.

ஒன்று, காலம் கடந்த தொடர்ச்சி. 'இந்தியன்' 1996-ல் வந்தபோது லஞ்சத்துக்கு எதிரான அந்தக் கோபம் புதிது. இரண்டாம் பாகம் வர 28 ஆண்டுகள் ஆயின. அதில் ஐந்து ஆண்டுக்கும் மேல் தயாரிப்பிலேயே போனது. 2020 பிப்ரவரி 19-ல் பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். பிறகு கரோனா, தயாரிப்பு நிறுவனத்துக்கும் இயக்குநர் ஷங்கருக்கும் இடையே நீதிமன்ற வழக்கு, நடித்துக்கொண்டிருந்த விவேக், நெடுமுடி வேணு ஆகியோரின் மரணம். நடுவில் ஒரு படம் இரண்டு படமானது. கடைசியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த ரசிகருக்குக் கிடைத்தது 'இந்தியன் 3' ட்ரெய்லர். சாப்பிட வந்தவருக்கு இலை போட்டுவிட்டு, 'விருந்து நாளைக்கு' என்று சொன்னது போலத்தான்.

இரண்டு, பழைய சாதனையின் நிழல். மணிரத்னமும் கமல்ஹாசனும் 'நாயகன்' (1987) படத்துக்குப் பிறகு இணைந்தது 'தக் லைஃப்' படத்தில்தான். 38 ஆண்டு இடைவெளி. போதாக்குறைக்கு, ஆடியோ லாஞ்ச் மேடையில் சின்மயி பாடிய 'முத்த மழை' போன் போனாகப் பரவியது. அந்தப் பாட்டுக்காகவே டிக்கெட் போட்டவர்கள் உண்டு. தியேட்டரில் அந்தப் பாடல் காட்சி இல்லை! ஹைப் ஒன்றைக் காட்டி, படம் வேறொன்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

மூன்று, கூட்டல் கணக்கு. ரஜினியின் திரைப்பயணம் 50 ஆண்டைத் தொட்ட நேரம், 'கைதி', 'விக்ரம்' தந்த லோகேஷ் கனகராஜ், அனிருத், நாகார்ஜுனா, உபேந்திரா, சத்யராஜ், சௌபின் ஷாஹிர், ஆமிர்கான். பட்டியலைப் படித்தாலே பாதிப் படம் பார்த்த மாதிரி. 'கூலி' வசூலில் குறைவைக்கவில்லை. ஆண்டின் பெரிய தமிழ் வசூல் படங்களில் அதுவும் ஒன்று. ஆனால் இத்தனை பேருக்கும் இடம் கொடுக்கப் போய்க் கதை நெரிசலில் மாட்டிக்கொண்டது என்பதே பரவலான குறை. தணிக்கையில் 'ஏ' சான்றிதழ் கிடைத்ததால், தலைவர் படத்தைக் குடும்பத்தோடு பார்க்கும் வழக்கமுள்ளவர்கள் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 'யு/ஏ' கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் போட்ட மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கடைசி உதாரணத்தில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. வசூலும் திருப்தியும் வேறு வேறு. டிக்கெட் விற்றது என்பதற்கு, ரசிகர் எதிர்பார்த்து வந்தார் என்றுதான் அர்த்தம். திருப்தியாகத் திரும்பினார் என்று அர்த்தமில்லை. அது அடுத்த படத்தின் முதல் நாளில்தான் தெரியும்.

9 மணிக் காட்சியும் கேரளத்து ரிசல்ட்டும்

2023 ஜனவரி 11-ல் 'துணிவு' ரிலீஸ் அன்று, சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டர் அருகே லாரி மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் தவறி விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு அதிகாலை 4 மணிக் காட்சிக்கு அரசு அனுமதி தருவதில்லை. 'லியோ', 'கூலி' உட்படப் பெரிய படங்களுக்கும் தமிழகத்தில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான்.

ரசிகர் உயிர் சம்பந்தப்பட்ட முடிவு என்பதால் இதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் கேரளம், கர்நாடகத்தில் காட்சி விடியலிலேயே தொடங்கிவிடுகிறது. வெளிநாட்டு பிரீமியர் அதற்கும் முன்பே. ஆக, செவ்வாப்பேட்டை ரசிகர் ரயிலில் வரும்போதே போனில் இடைவேளை ரிப்போர்ட் வந்துவிடுகிறது. தியேட்டர் வாசலுக்கு வரும்போது கிளைமாக்ஸ் ரிப்போர்ட். விசில் அடிக்க வந்தவர், 'ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகேவாம், செகண்ட் ஹாஃப் லேகாம்' என்ற தகவலோடு சீட்டில் உட்காருகிறார். அவருடைய ஹீரோ படத்தின் தீர்ப்பு, அவர் பார்க்கும் முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

அப்படியென்றால் விமர்சனம்தான் வில்லனா?

தயாரிப்பாளர் தரப்பு இப்படித்தான் வாதிட்டது. 2024 நவம்பரில், 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' படங்களைக் குறிப்பிட்டு, தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்கள் ரசிகர் கருத்து எடுப்பதை அனுமதிக்கக் கூடாது என்று அறிக்கை வந்தது. அடுத்து, படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனத்தைத் தடைசெய்யக் கேட்டு தமிழ்த் திரைப்பட நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. விமர்சனம் செய்வது கருத்துச் சுதந்திரம் என்று கூறி, பொதுவான இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் 2024 டிசம்பரில் மறுத்துவிட்டது.

தயாரிப்பாளர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எதிர் ஹீரோ ரசிகர்கள் படம் பார்க்காமலேயே ட்ரெண்டிங் ஹேஷ்டேக் போடுவது, வியூஸுக்காகத் தியேட்டர் வாசலில் கத்துவது, பணம் வாங்கிக்கொண்டு ஏற்றியோ இறக்கியோ பேசுவது எல்லாம் நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். 'கங்குவா' மீதான விமர்சனங்களைக் கண்டித்து ஜோதிகா எழுதிய பதிவிலேயே, முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் அதிகம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். விமர்சனம் பொய் என்றால் 12 நிமிடம் ஏன் வெட்டப்பட்டது? வெட்டியது சரி என்றால், அந்த 12 நிமிடம் பற்றிக் குறை சொன்னவர் எப்படி வில்லன் ஆவார்?

வாசலில் மைக் முன்னால் நிற்கும் எல்லோரும் வெறுப்பில் பேசுபவர்களும் அல்ல. அந்த ஹீரோவின் படம் போட்ட டீ-ஷர்ட்டோடு நின்று, "எங்க அண்ணனுக்கு நல்ல கதை குடுங்கய்யா" என்று ஆதங்கப்படுபவரும் அங்கேதான் நிற்கிறார். அவரையும் ஹேட்டர் கணக்கில் சேர்த்தால், குறை சொல்ல உரிமையுள்ள ஒரே ஆளையும் வாயை மூடச் சொன்னதாகிவிடும்.

சீரிஸிலும் சீரியலிலும் அதே கதை

'தியேட்டரே வேணாம்ப்பா, சீரிஸ் போதும்' என்று ஒதுங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை.

புஷ்கர் - காயத்ரி உருவாக்கிய 'சுழல்' 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வந்தபோது, தமிழிலும் இப்படி எடுக்க முடியும் என்று கொண்டாடினார்கள். மயானக் கொள்ளைத் திருவிழாவும் ஒரு பெண் காணாமல் போவதும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய விதம் அப்படி. இரண்டாம் சீசன் 2025 பிப்ரவரி 28-ல் வந்தது. மறுபடி ஊர், மறுபடி திருவிழா, இம்முறை எட்டுப் பெண்கள். பார்க்க வைத்தாலும், முதல் சீசனின் அழுத்தம் இல்லை என்ற பேச்சு பரவலாக இருந்தது. இடையில் இரண்டே முக்கால் வருடம் ஓடியதில், முந்தைய கதையை மறந்துபோய் 'ரீகேப்' தேடியவர்களும் உண்டு.

உலக அளவிலும் இதுதான் நிலை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசன் 2019-ல் வந்தபோது, அதைத் திரும்ப எடுக்கச் சொல்லி இணைய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். பிடிக்காதவர்கள் மனுப் போட மாட்டார்கள், டிவியை அணைத்துவிட்டுப் போவார்கள். மனுப் போட்டவர்கள் எட்டு சீசன் கூடவே வந்தவர்கள்.

சீரியல் பக்கம் காரணம் வேறு. சன் டிவி 'எதிர்நீச்சல்' சீரியலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ல் காலமானார். 'ஏ இந்தாம்மா' என்ற அந்தக் குரலுக்காகவே, சீரியல் பார்க்காத ஐடி இளைஞர்கள்கூட ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். தொடர் 2024 ஜூனில் முடிந்து, டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது ஜனனியாக நடித்த மதுமிதாவும் இல்லை. மரணத்துக்கு யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒரு முகத்தோடு பழகிய வீட்டுக்கு, பெயர் அதேதான், ஆள் மட்டும் வேறு என்பதை ஏற்க நாளாகும். தினமும் ஒளிபரப்பாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

எது வேலை செய்தது?

ரசிகருக்கு எதுவுமே பிடிப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. இதே இரண்டு வருடத்தில் தியேட்டரை நிரப்பிய படங்களும் இருக்கின்றன.

'லப்பர் பந்து' (2024 செப்டம்பர்) தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். தியேட்டரில் ஓட்டம் நன்றாக இருந்ததால் ஓடிடி தேதியே தள்ளிப்போனது. 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025 மே 1) இருபதுகளில் இருக்கும் அபிஷன் ஜீவிந்த் இயக்கிய முதல் படம். 'மகாராஜா' விஜய் சேதுபதியின் 50-வது படம். ஆனால் 'ஐம்பதாவது' என்ற மேளத்தைவிடத் திரைக்கதைதான் ஆட்களைக் கூட்டிவந்தது. 2013 பொங்கலுக்கு வர வேண்டிய 'மதகஜராஜா' 12 வருடம் கழித்து 2025 பொங்கலுக்கு வந்து சிரிக்க வைத்தது. யாரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்பதே அதன் பெரிய பலம்!

பழைய படங்களுக்கும் அப்படித்தான். 2004-ல் வந்த 'கில்லி' 2024 ஏப்ரல் 20-ல் மறுபடி வந்தபோது, பல புதுப் படங்களுக்குக் கிடைக்காத கூட்டம் கிடைத்தது. ரஜினியின் 75-வது பிறந்தநாளான 2025 டிசம்பர் 12-ல் 'படையப்பா' மறுபடி வந்தது. ஒவ்வொரு வசனமும் தெரிந்த படம். அங்கே ஏமாற வாய்ப்பே இல்லை. ரீ-ரிலீஸ் கொண்டாட்டத்தைப் பழைய நினைவு ஏக்கம் என்று மட்டும் சொல்ல முடியாது. காசுக்கு உத்தரவாதம் உள்ள ஒரே முதல் நாள் காட்சி அதுதான்.

நினைவைப் பயன்படுத்தும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. 'லப்பர் பந்து'வில் அட்டகத்தி தினேஷின் பாத்திரம் விஜயகாந்த் ரசிகர். அவர் பேட்டோடு இறங்கும்போது ஒலிக்கும் பழைய பாட்டு, அவர் யார் என்பதைச் சொல்கிறது. மலையாளத்தின் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) 'குணா' படப் பாடலைக் குகைக்குள் கொண்டுபோனபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் அதிர்ந்தன. காரணம், அந்தப் பாட்டு அங்கே கதையின் உயிர்நாடி. அதே பழைய பாட்டை ஹீரோ நடந்துவரும் இடத்தில் வெறும் அலங்காரமாக வைத்தால், அரை நிமிடம் விசில் கிடைக்கும். 'குட் பேட் அக்லி' போல இளையராஜா தரப்பிலிருந்து வழக்கும் வரலாம். கதை கிடைக்காது.

இனி என்ன மாறலாம்?

சினிமாத் துறையில் பேசப்படும், நடைமுறைக்குச் சாத்தியமான விஷயங்கள் சில:

- தேதியை அறிவித்துவிட்டுப் படத்தை முடிப்பதற்குப் பதிலாக, படத்தை முடித்துவிட்டுத் தேதியை அறிவிப்பது.
- ரிலீஸுக்கு முன் சிறிய அளவிலாவது பொதுமக்கள் திரையிடல். 12 நிமிடத்தை வெட்டுவதாக இருந்தால், முதல் டிக்கெட் விற்கும் முன் வெட்டலாம்.
- ஓடிடி இடைவெளியை நீட்டிப்பது. ஆறு வாரமோ எட்டு வாரமோ கிடைத்தால் இரண்டாம் வாரத்துக்கும் மதிப்பு வரும். முதல் மூன்று நாள் பதற்றம் குறையும்.
- இரண்டாம் பாகத்தை அறிவிக்கும் முன், முதல் பாகத்தை முழுக் கதையாக முடிப்பது.

தீவிர ரசிகருக்கும் சில வழிகள் உண்டு. ட்ரெய்லரோடு நிறுத்திக்கொண்டு கிளிம்ப்ஸ் முதல் பேட்டி வரை எல்லாவற்றையும் பார்க்காமல் இருக்கலாம். வியாழக்கிழமை லீவுக்குப் பதில் ஞாயிறு மேட்னி போகலாம். அதற்குள் வெட்ட வேண்டியதை வெட்டி, குறைக்க வேண்டிய சத்தத்தைக் குறைத்திருப்பார்கள். மற்ற ஹீரோவின் படம் விழும்போது ஹேஷ்டேக் போடாமல் இருந்தால், தன் ஹீரோவுக்கு அதே நிலை வரும்போது கேட்க ஒரு நியாயம் மிச்சம் இருக்கும்.

இப்போதைக்கு ஓர் ஆறுதல் உண்டு. திட்டிக்கொண்டே டிக்கெட் போடுபவர் இன்னும் சினிமாவை விட்டுப் போகவில்லை. துறை கவலைப்பட வேண்டியது அவரைப் பார்த்து அல்ல. 'பரவால்ல, 28 நாள்ல போன்ல வந்துரும்' என்று கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன்னாள் ரசிகரைப் பார்த்துத்தான்.